பச்சை மையும் பதினோரு வழிகாட்டிகளும்

1997-ஆம் வருடம் ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ராஜகீழ்ப்பாக்கம் சுற்றுவட்டாரக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு, உள்ளூர் ஏழை மாணவர்களைக் கைதூக்கி விடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. தீர்மானத்தை எழுதியவன் நான். பெயர் பாலகுரு. தொலைபேசித் துறையில் எழுத்தர். கூட்டமைப்பில் இணைச் செயலாளர். இணைச் செயலாளர் என்றால், மினிட்ஸ் நோட்டு என் வீட்டில் இருக்கும், கூட்டத்துக்கு நாற்காலி வாடகைக்கு எடுத்து வருவது என் பொறுப்பு, பேசுவது மற்றவர்கள் பொறுப்பு.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு ஃபர்னிச்சர் கடையின் மாடியில் அந்த வருடம் சமுதாயக் கல்லூரி ஒன்று திறந்திருந்தார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாத பிள்ளைகளுக்கு ஒரே வருடத்தில் ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கட்டணமும் குறைவு. பதினோரு பிள்ளைகளுக்கு நாம் கட்டணம் கட்டிவிடலாம் என்பதுதான் யோசனை. அத்தோடு விட்டிருந்தால் பதினோரு பிள்ளைகள் பாட்டுக்குப் படித்திருப்பார்கள், எனக்கும் இதை எழுதுகிற வேலை மிச்சமாகியிருக்கும்.

ஆனால் தலைவர் ஸ்ரீநிவாசன் சாருக்கு அந்த வாரம் அமெரிக்காவிலிருந்து மகன் கடிதம் போட்டிருந்தான். அவர் ஒரு மத்திய அரசுத் துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கடிதம் வந்தால் முதலில் வீட்டில் படிப்பார், அப்புறம் வாக்கிங்கில் படிப்பார், கடைசியில் கூட்டத்தில் படிப்பார்.

"அமெரிக்காவுல இப்பல்லாம் சும்மா ஸ்காலர்ஷிப் குடுக்கிறதில்லையாம். அது அவுட் ஆஃப் ஃபேஷன். ஒவ்வொரு ஸ்டூடண்டுக்கும் ஒரு மென்டார் போடுறாங்களாம்."

"மென்டார்னா?" என்றார் செயலாளர் வேதாசலம். அவர் ஓய்வு பெற்ற தாசில்தார்.

"வழிகாட்டி."

"அதுக்கு வழி தெரிஞ்சிருக்கணுமா சார்?" என்று நான் கேட்டேன். உண்மையிலேயே சந்தேகத்தில்தான் கேட்டேன்.

"அனுபவம் இருந்தா போதும்" என்றார் தலைவர். அனுபவத்துக்கு அந்த அறையில் பஞ்சமில்லை. செயற்குழுவில் பன்னிரண்டு பேர். என்னைத் தவிர பதினோரு பேரும் கெஜட்டட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர்கள்.

இங்கே பச்சை மையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். அது உத்தியோகத்தின் அடையாளம். ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு பாஸ் என்று மார்க் ஷீட்டே சொன்னாலும் போதாது; அதன் ஜெராக்ஸ் மேல் பச்சையாக ஒரு கிறுக்கல் விழுந்தால்தான் அந்தப் பிள்ளை பாஸ். அந்தக் கிறுக்கலுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே ஆட்கள் நிற்பார்கள். பையில் நாலு கொய்யாப்பழம் இருக்கும். ஓய்வு பெறும் நாளில் ஆபீசருக்கு மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, பச்சை மையைப் பிடுங்கிக்கொள்வார்கள். மறுநாள் முதல் கேட்டுக்கு வெளியே பால்காரர் மட்டும்தான் நிற்பார். எங்கள் பகுதியில் பென்ஷன் குறைந்ததற்குக்கூட யாரும் அவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

"வழிகாட்டி வாராவாரம் மாணவரைப் பற்றி முன்னேற்ற அறிக்கை எழுதணும்" என்றார் வேதாசலம் மெதுவாக. "அதுல கையெழுத்துப் போடணும். அதைப் பச்சை மையில போடலாம்னு ஒரு விதி வெச்சா என்ன?"

ஓய்வு பெற்ற பொறியாளர் சத்தியநாதன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரிட்டயர் ஆனவங்க பச்சை மை உபயோகிக்கலாமா சார்?" என்றேன்.

"அரசாங்கக் காகிதத்துலதான் கூடாது. இது கூட்டமைப்புக் காகிதம். தடை ஏதும் இல்லை."

மாணவர் ஒருவர்கூடச் சேருவதற்கு முன்பே வழிகாட்டிகள் பதினோரு பேரும் சேர்ந்துவிட்டார்கள். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்பவரிடம் ஒரே நாளில் பதினோரு ஸ்டாம்பு ஆர்டர் போயிற்று. விசிட்டிங் கார்டும் அடித்தார்கள். ஒருவர் வாசல் பெயர்ப்பலகையையே மாற்றி, பெயருக்குக் கீழே "வழிகாட்டி" என்று போட்டுக்கொண்டதால், இரண்டு பேர் ஜோசியம் கேட்க வந்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது மாணவர் தேர்வு. "உள்ளூர் மாணவர்" என்று தீர்மானத்தில் எழுதியிருந்தேன். வேதாசலம் முப்பது வருடம் வருவாய்த் துறையில் இருந்தவர். ஒரு சொல்லை அப்படியே விட அவருக்கு மனசு வராது.

"உள்ளூர்னா என்ன? வரையறை வேணும்."

"ரேஷன் கார்டு இருக்கே சார்."

"அது எங்கே அரிசி வாங்குறார் என்பதற்குச் சான்று."

"ஸ்கூல் சர்டிபிகேட்?"

"எங்கே படிச்சார் என்பதற்குச் சான்று. ஒரு மனுஷனுக்கு ஊர்ங்கிறது அவன் பிறந்த ஊர். பிறப்புச் சான்றிதழ்ல பிறந்த இடம் நம்ம கூட்டமைப்பு எல்லைக்குள்ள இருக்கணும். இருந்தா உள்ளூர். இல்லைன்னா வெளியூர்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அறுபத்து நாலு விண்ணப்பம் வந்தது. அறுபத்து நாலு பிறப்புச் சான்றிதழையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். செங்கல்பட்டு, எழும்பூர், காஞ்சிபுரம், எழும்பூர், திண்டிவனம், எழும்பூர். நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஆகவே தலைப்பிள்ளைகள் அத்தனை பேரும் பாட்டி ஊரில் பிறந்திருந்தார்கள். அடுத்த பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தார்கள். எண்பதாம் வருடத்தில் எங்கள் எல்லைக்குள் ஆஸ்பத்திரி என்று எதுவும் கிடையாது. வீட்டிலேயே பிறந்த நாலு பேருக்குச் சான்றிதழே இல்லை. சட்டப்படி அவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர்கூடப் பிறந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

குப்பன் நேரில் வந்து கேட்டார். அவர் மகன் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். குப்பனின் அப்பா நெல் விளைத்த நிலத்தில்தான் எங்கள் காலனி நிற்கிறது. வேதாசலத்தின் வீட்டுக் கிணறு அவர்கள் வெட்டியது.

"எங்க நெலத்துலதான சார் நீங்க வூடு கட்டிகினு கீறீங்க. எம் புள்ள எப்டி சார் வெளியூரு ஆவான்?"

"நிலம் உள்ளூர்தான்ப்பா. அதை யாரும் மறுக்கலை. பையன் செங்கல்பட்டு."

"ஆஸ்பத்திரி அங்க கீது. அதுக்கு நா இன்னா பண்றது?"

"அதை அப்பவே யோசிச்சிருக்கணும்" என்றார் வேதாசலம், வருத்தத்தோடு. அவர் மனசாரத்தான் வருத்தப்பட்டார். தாசில்தார்கள் வருத்தப்படாமல் எதையும் மறுப்பதில்லை.

அறுபத்தைந்தாவது விண்ணப்பம் கடைசி நாளன்று வந்தது. பெயர் அருள்மேரி. பிறந்த இடம் என்ற கட்டத்தில், "ராஜகீழ்ப்பாக்கம் பஸ் நிறுத்தம், பேருந்தின் உள்ளே" என்று இருந்தது.

கதை இதுதான். அருள்மேரியின் அம்மா ஜீவரத்தினம், அந்தக் காலத்தில் மேடவாக்கம் பக்கம் சித்தாள் வேலை பார்த்தார். பிரசவத்துக்குக் கூடுவாஞ்சேரியில் உள்ள அம்மா வீட்டுக்கு பஸ்ஸில் கிளம்பினார். பஸ் ராஜகீழ்ப்பாக்கம் வந்ததும் குழந்தை வந்துவிட்டது. பின்சீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். பஸ் நாற்பது நிமிடம் நின்றது. நாற்பது நிமிடத் தாமதத்துக்குத் தன்னிடம் விளக்கம் கேட்பார்களே என்று பயந்த கண்டக்டர், கிராம அலுவலரைக் கையோடு இழுத்து வந்து, இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த பஸ்ஸில் குழந்தை பிறந்தது என்று எழுதி வாங்கிப் பதிவும் செய்துவிட்டுத்தான் விசில் கொடுத்தார். அந்த ஆளுடைய வேலை பயத்தால் எங்களுக்கு ஓர் உள்ளூர் மாணவி கிடைத்தாள்.

அவள் குடியிருந்தது மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளி, கூடுவாஞ்சேரியில். வாழ்நாளில் எங்கள் ஊரில் அவள் இருந்தது மொத்தம் நாற்பது நிமிடம்.

சத்தியநாதன் சாரின் வீட்டு மாடிக்குச் செங்கல் சுமந்துகொண்டிருந்தபோது ஜீவரத்தினம் எங்கள் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு, மகளை அனுப்பியிருந்தார். நேர்காணலுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஜீவரத்தினம் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பிப் பேசினார். இருபது வருடம் தலையில் சுமந்தால் கழுத்து அப்படித்தான் ஆகும்.

"லேப்ல டெஸ்ட் பண்ற படிப்பு சார்" என்றாள் அருள்மேரி. "ஒரு வருஷம். பாஸ் பண்ணா குரோம்பேட்டையில ஒரு ஆஸ்பத்திரியில எடுத்துக்கிறேன்னு காலேஜ்லயே சொல்லிக்கீறாங்க. ஆயிரத்து எட்நூறு சம்பளம். எனக்கு வேலை கெடச்சா அம்மா சட்டிய எறக்கி வெச்சிடும்."

"நெறைய வேணாம் சார்" என்றார் ஜீவரத்தினம். "அது படிக்கட்டும். அத்தான் போதும்."

மினிட்ஸில் "மாணவி தேர்வு செய்யப்பட்டார்" என்று எழுதினேன்.

உடனே சிக்கல் வந்தது. மாணவி ஒருத்தி. வழிகாட்டிகள் பதினோரு பேர். ஸ்டாம்பு செய்தாகிவிட்டது.

"ஒருத்தர் போதுமே சார்" என்றேன்.

"தீர்மானத்தைப் படிங்க" என்றார் வேதாசலம். "ஒவ்வொரு வழிகாட்டிக்கும் ஒரு மாணவர்னுதான் இருக்கு. இப்ப ஒவ்வொரு வழிகாட்டிக்கும் ஒரு மாணவர் இருக்கார். எல்லாருக்கும் ஒரே மாணவரா இருக்கக் கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதியவன் நான், எனக்கே தெரியும்.

வழிகாட்டும் நேரத்தை நிர்ணயிக்க ஒரு துணைக்குழு போட்டோம். காலை பத்துக்கு முன்னால் வாக்கிங், பேப்பர், பூஜை. பன்னிரண்டுக்கு மேல் சாப்பாடு, தூக்கம். மாலையில் கோயில், டி.வி. ஆகவே வழிகாட்டுதலுக்கு உகந்த நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்று கண்டறியப்பட்டது. தினம் இரண்டு வழிகாட்டிகள், ஆளுக்கு ஒரு மணி நேரம். சனிக்கிழமை தலைவர் மட்டும். பதினோரு பச்சைக் கையெழுத்தும் விழுந்த அறிக்கை வாராவாரம் வந்தால்தான் அடுத்த தவணைக் கட்டணம்.

கல்லூரி காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்துவிடும். காலையில் ஆய்வகம், மதியம் பாடம். அதை யாரும் துணைக்குழுவிடம் சொல்லவில்லை. துணைக்குழுவும் கேட்கவில்லை. துணைக்குழுவின் செயலாளரும் நான்தான்.

அருள்மேரி காலையில் கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்து எங்கள் காலனிக்கு வருவாள். பன்னிரண்டு மணிக்கு வழிகாட்டப்பட்டு முடிந்ததும் ஓடிப்போய் மறுபடி பஸ் பிடித்து, குரோம்பேட்டைக்கு மதிய வகுப்புக்குப் போவாள். சாப்பாட்டு டப்பாவைப் பஸ்ஸிலேயே திறப்பாள்.

திங்கட்கிழமை வழிகாட்டி, இந்தப் படிப்பே வேண்டாம், வங்கித் தேர்வு எழுது என்றார். செவ்வாய்க்கிழமை வழிகாட்டி வங்கியெல்லாம் இனிமேல் கம்ப்யூட்டர்தான், டைப்ரைட்டிங் ஹையர் முடி என்றார். புதன்கிழமை வழிகாட்டி, 1974-இல் தமக்கு வரவேண்டிய பதவி உயர்வை ஒருவர் எப்படித் தட்டிப் பறித்தார் என்பதை மூன்று மாதமாகச் சொல்லி வந்தார். கதை 1976-க்கு வந்திருந்தது. சத்தியநாதன் சார் அவளை இங்கிலீஷ் பேப்பரை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அவள் படிப்பதை நிறுத்தினால் மட்டும் விழிப்பார். வார அறிக்கையில் எல்லோரும் "முன்னேற்றம் திருப்திகரம்" என்று எழுதி, பச்சை மையில் போட்டு, ஸ்டாம்பை ஊதிக் குத்துவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்து வயது குறைந்திருக்கும்.

"நீ என்னம்மா படிக்கிறே?" என்று ஒரு வழிகாட்டி முதன்முதலாகக் கேட்டது நவம்பர் மாதம். கேட்டவர் வேதாசலம்.

"ரத்தம், யூரின்லாம் டெஸ்ட் பண்றது சார். காலையில லேபுக்குப் போவ முடியல. அதனால காந்திமதி டீச்சர் எனக்கு ஒரு டெஸ்ட் டியூபு, விளக்கு, மருந்துல்லாம் குடுத்து, எங்கனா செஞ்சு பாத்து பழகிக்கன்னாங்க."

"சுகர் பார்ப்பியா?"

அன்றைக்கு அறிவுரை கிடையாது. அவருடைய சமையலறை மேடையில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, நீல மருந்தில் அவருடைய சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டுச் சூடு காட்டினாள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் லேசாக. அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு. கடைசிப் படி செங்கல் நிறம். வேதாசலத்துடையது ஆரஞ்சில் வந்து நின்றது.

வாரம் முடிவதற்குள் பதினோரு வீட்டிலும் விஷயம் பரவிவிட்டது. அவள் வருகிற நேரத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் தயாராக இருக்கும். வழிகாட்டிகள் ஒருவர் பாக்கி இல்லாமல் சர்க்கரைக்காரர்கள். அறிக்கைப் படிவத்தில் "இந்த வார முன்னேற்றம்" என்ற கட்டத்தில் அவளே நிறத்தை எழுதுவாள். அதற்குக் கீழே வழிகாட்டி கையெழுத்துப் போடுவார்.

"எனக்குப் பச்சைன்னு வந்திருக்கே. பச்சைன்னா பாஸ்தானேம்மா?" என்று ஸ்ரீநிவாசன் சார் கேட்டாராம்.

"பச்சைன்னா ஆரம்பம் சார்."

மார்ச் மாதம் கல்லூரியில் வருகைக் கணக்கு எடுத்தார்கள். எழுபத்தைந்து சதவீதம் இருந்தால்தான் பரீட்சை. அருள்மேரிக்கு நாற்பத்தாறு.

காந்திமதி டீச்சர் நல்லவர். "இவ சும்மா சுத்தலைன்னு எங்களுக்குத் தெரியும். ஸ்காலர்ஷிப் குடுத்தவங்களே, காலை பத்துலேருந்து பன்னிரண்டு வரைக்கும் இவ எங்ககிட்டதான் இருந்தான்னு ஒரு லெட்டர் குடுத்தா, பிரின்ஸிபால் சலுகை குடுத்துடுவார். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள வேணும்" என்று சொல்லி அனுப்பினார்.

அருள்மேரி தலைவரிடம் போனாள்.

"அப்படி எழுதினா நாங்கதான் உன் படிப்பைக் கெடுத்தோம்னு அர்த்தமாயிடும். உனக்கு உடம்பு சரியில்லாம இருந்ததுன்னு வேணா எழுதித் தர்றேன்."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் சார் கீது. உங்களுக்குத்தான் சுகரு."

பதினோரு பேரும் ஆளுக்கொன்று எழுதித் தந்தார்கள். ஒருத்தர் டைபாய்டு, ஒருத்தர் மஞ்சள் காமாலை, ஒருத்தர் வெறும் பலவீனம். எல்லாம் பச்சை மையில். கல்லூரி ஆபீஸில் அதை வாங்கிப் பார்த்த குமாஸ்தா, "இவங்க டாக்டரும் இல்ல, இப்ப ஆபீசரும் இல்ல. இந்தக் கையெழுத்துக்கு மதிப்பே கிடையாதேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்பது மாதம் ஓடி ஓடி அவள் சேகரித்த கையெழுத்து நானூறுக்கு மேல் இருக்கும். தேவைப்பட்ட ஒரே இடத்தில் ஒன்றுகூடச் செல்லவில்லை.

அப்புறம்தான் அவள் என்னிடம் வந்தாள்.

"சார், வழிகாட்டுற டைம் பத்து டூ பன்னண்டுன்னு மினிட்ஸ் நோட்டுல நீங்கதான எழுதினீங்க? அந்த ஒரு பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க சார். போதும்னு டீச்சர் சொன்னாங்க."

நோட்டு என் மேஜை மேல் இருந்தது. ஜெராக்ஸ் கடை தெருக்கோடியில். பக்கத்துக்கு ஒரு ரூபாய். ஆனால் நான் இருபத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவன். ஆகவே குறிப்பு எழுதி மேலே வைத்தேன். "மாணவி கோரும் நகல் வழங்கலாமா என்பது உத்தரவுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது." தேதி மார்ச் பன்னிரண்டு.

தலைவர் ஓரத்தில் "பேசவும்" என்று எழுதினார். பேசினேன். "செயலாளர் கருத்துக்கு" என்று எழுதினார். செயலாளர், "முன்னுதாரணம் உண்டா?" என்று எழுதினார். திட்டத்துக்கே இது முதல் வருடம் என்று பதில் வைத்தேன். "அப்படியானால் எச்சரிக்கை தேவை. செயற்குழு முன் வைக்கவும்" என்று வந்தது. செயற்குழு ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு.

மார்ச் முப்பதாம் தேதி மாலை ஸ்ரீநிவாசன் சார் என் வீட்டுக்கே வந்தார். அதுவரை வந்ததில்லை. காபி குடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு புதுப் பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பாலகுரு, உங்களைப் பன்னிரண்டாவது வழிகாட்டியா போடலாம்னு நினைக்கிறோம். கெஜட்டட் இல்லைன்னு ஒரு குறை. விதியைத் தளர்த்திக்கலாம்."

மூடியைத் திறந்து பேப்பர் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன். பச்சை. இருபத்திரண்டு வருடம் நீல மையில் "பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதிய கை, என் பெயரைப் பச்சையில் ஒரு தடவை எழுதிப் பார்த்தது. அந்த நகலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

மறுநாள் காலை அருள்மேரி கேட்டுக்கு வெளியே நின்றாள். கையில் ஒரு ரூபாய் நாணயம் தயாராக வைத்திருந்தாள்.

"ஃபைல் மேலே இருக்கும்மா. நாளைக்கு வா" என்றேன். நாளைக்கு ஏப்ரல் ஒன்று என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பேனாவைச் சட்டைப் பையில்தான் குத்தியிருந்தேன்.

பரீட்சை எழுத விடவில்லை. ஆஸ்பத்திரி வேலை வேறு யாருக்கோ போயிற்று.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு திட்டத்தின் நிறைவு விழா. வழிகாட்டிகள் பன்னிரண்டு பேருக்கும் ஷீல்டு. நாற்காலி நான்தான் எடுத்து வந்தேன், ஆனால் அன்றைக்கு எனக்கும் மேடையில் ஒன்று. மாணவி பரீட்சை எழுத முடியாமல் போனதற்குக் காரணம் வழிகாட்டுதல் போதாமையே என்று ஆராய்ந்து, அடுத்த வருடம் இருபத்துமூன்று வழிகாட்டிகள் என்று தீர்மானம் போட்டோம். நன்றியுரைக்கு அருள்மேரியைக் கூப்பிட்டோம். அவள் எழுந்திருக்கவில்லை. ஜீவரத்தினம்தான் மைக் பக்கம் வந்தார். கழுத்து திரும்பாததால் எங்களைப் பார்க்க முழு உடம்பையும் திருப்பினார்.

"எம் பொண்ணுக்கு நீங்க அத்தினி பேரும் வழி காட்னீங்க சார். காலேஜு போற வழியில குறுக்க நின்னுகினு காட்னீங்க. ரொம்ப நன்றி."

கடைசி வார்த்தை நன்றி என்பதால் எல்லோரும் கை தட்டினோம்.

அடுத்த வருடம் அருள்மேரி மறுபடி விண்ணப்பித்தாள். அந்த வருடம் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மட்டும்தான் என்று விதி இருந்தது. அவளும் போனதும் உள்ளூர் மாணவர் எண்ணிக்கை பூஜ்யம். இருபத்துமூன்று வழிகாட்டிகள் ஸ்டாம்போடு காத்திருந்தார்கள். நிலைமையைச் சமாளிக்க, ராஜகீழ்ப்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் பெரிய வேகத்தடை ஒன்று போடும்படி நெடுஞ்சாலைத் துறைக்கு மனு எழுதினோம். பலன் தெரியப் பதினெட்டு வருடம் ஆகும் என்று மினிட்ஸில் குறித்திருக்கிறேன்.

அருள்மேரி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அதே பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், சைக்கிள் கடை பக்கத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்தாள். ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் விளக்கு. டெஸ்டுக்கு ஐந்து ரூபாய். படிப்பும் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை, ஆனால் பதினோரு கெஜட்டட் ஆபீசர்களின் சர்க்கரையை நாலு மாதம் பார்த்த அனுபவம் யாருக்கு இருக்கிறது? வாசலில் ஒரு பலகை: "நேரம் காலை 10 முதல் 12 வரை."

எனக்கும் போன மாதம் அடிக்கடி தாகம் எடுக்க ஆரம்பித்தது. மஞ்சள் பையில் பாட்டிலை வைத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் எட்டுப் பேர். வேதாசலம் சார் கையில் நாலு கொய்யாப்பழம் இருந்தது. பாட்டிலை வாங்கி வைத்தவள், "நாளைக்கு வாங்க சார்" என்றாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நான் சரிம்மா என்று திரும்பி வந்தேன்.

மறுநாள் சீட்டைக் கொடுத்தாள். கீழே அவள் கையெழுத்து, பச்சை மையில்.

"அருள்மேரி, பச்சை மையில நீ போடக் கூடாதும்மா. அதுக்குன்னு ஒரு அதிகாரம் வேணும்."

"ஸ்டேஷனாண்ட கடையில மூணு ரூபாய்க்குக் குடுத்தான் சார். அதிகாரம் கீதான்னுல்லாம் கேக்கல."

சட்டைப் பையில் இருந்த என் பேனாவை நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "சரி, எனக்கு என்ன நிறம்மா வந்திருக்கு?"

"செங்கல் சார். எங்கம்மா தலையில இன்னும் கீதே, அதே கலரு."

சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அதைப் படித்தபடி அங்கேயே நின்றேன். பின்னாலிருந்து ஸ்ரீநிவாசன் சார் தோளைத் தட்டினார்.

"நகருங்க பாலகுரு, மணி பதினொண்ணே முக்கால் ஆச்சு. பன்னிரண்டு அடிச்சா அந்தப் பொண்ணு யாரையும் பார்க்கிறதில்லை."